கிலோமீட்டர் ஓடாமலே கெடும் எஞ்சின்: குமரி மாவட்டத்துக் கார்களுக்கு ஒரு பராமரிப்புக் கணக்கு

கார் வாங்கும்போது கையில் தரும் புத்தகத்தில் சர்வீஸ் அட்டவணை இருக்கும். பல பெட்ரோல் கார்களுக்கு எஞ்சின் ஆயில் மாற்ற அதில் போட்டிருக்கும் கெடு: 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அது. வாசிப்பவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ‘வண்டி இன்னும் நாலாயிரங்கூட ஓடல்ல, அதுக்குள்ள எதுக்கு ஆயிலு’ என்ற கேள்வி நாகர்கோவில் முதல் களியக்காவிளை வரை எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் கேட்கும். கன்னியாகுமரி மாவட்டத்தில் எஞ்சினைக் கெடுப்பது பெரும்பாலும் அந்த நாலாயிரம்தான். அதிகம் ஓடிக் கெட்ட வண்டியை விட ஓடாமல் கெட்ட வண்டி இங்கே அதிகம்.

காரணம் மாவட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கும் இடம் இது. கருங்கலிலிருந்து குளச்சல், திங்கள்நகரிலிருந்து தக்கலை என்று போக்குவரத்து எல்லாம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். கோயில், பள்ளிக்கூடம், சந்தை என்றால் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. வீட்டுக்காரர் வளைகுடா நாட்டில் இருந்தால் கார் ஷெட்டிலேயே ஆறேழு மாதம் நிற்கும். மேற்கே கடல், வடக்கே மலை, வருடத்தில் இரண்டு மழைக்காலம்.

அதே புத்தகத்தில் சில பக்கம் தள்ளி இன்னோர் அட்டவணை உண்டு. கடினமான பயன்பாட்டுக்கு என்று தனியாகப் போட்டிருப்பார்கள். குறுகிய தூர ஓட்டம், அடிக்கடி நின்று நகரும் நெரிசல், தூசி, மலைப்பாதை ஆகியவை அந்தப் பட்டியலில் வரும். உப்பு அரிப்புள்ள இடங்களையும் சில நிறுவனங்கள் சேர்த்திருக்கின்றன. அதற்குரிய கெடு சாதாரண கெடுவில் ஏறத்தாழ பாதி. குமரி மாவட்டத்துக் கார்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது அட்டவணைக்குள்தான் வரும். சர்வீஸ் சென்டரில் யாரும் இதை எடுத்துச் சொல்வதில்லை. நாம்தான் கேட்க வேண்டும்.

ஆயிலுக்குள் என்ன நடக்கிறது

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 900 மில்லி தண்ணீர் உண்டாகிறது. அதில் பெரும்பகுதி ஆவியாகச் சைலன்சர் வழியே போய்விடும். ஆனால் எரிந்த வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயில் தொட்டிக்குள்ளும் இறங்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அந்த ஆவி அங்கேயே நீராகிறது. எரியாத பெட்ரோலும் கொஞ்சம் சேர்ந்து இறங்கும், ஏனென்றால் குளிர்ந்த எஞ்சினுக்குக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாகவே ஊற்றுகிறது.

எஞ்சினும் ஆயிலும் நன்றாகச் சூடானால் இவை இரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். அதற்குத் தொடர்ந்து ஓட வேண்டும். டேஷ்போர்டில் நீல விளக்கு அணைந்ததும் வண்டி சூடாகிவிட்டது என்று நினைக்கிறோம். அது கூலன்ட்டின் சூடு. ஆயில் அந்தச் சூட்டை எட்ட மேலும் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். இரண்டு கிலோமீட்டர் ஓட்டம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. தண்ணீரும் பெட்ரோலும் ஆயிலோடு தங்கி அமிலமாகவும் பிசுபிசுப்பான சேறாகவும் மாறுகின்றன. ஆயில் பம்ப்பின் கீழே இருக்கும் வலையை அடைப்பது அந்தச் சேறுதான்.

ஆகவே, ஓட்டம் குறைந்த வண்டிக்கு ஆயிலை மாதக் கணக்கில் மாற்ற வேண்டும். தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் போகும் வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வாரம் ஒருநாளாவது அரை மணி நேரம் நிற்காமல் ஓடும் வண்டிக்கு வருடம் ஒருமுறை போதும். ஃபில்டரையும் அப்போதே மாற்றுங்கள். பழைய ஃபில்டருக்குள் ஒரு டம்ளர் அளவு அழுக்கு ஆயில் தங்கியிருக்கும், அதைப் புது ஆயிலில் கலக்க விடுவதில் மிச்சமாகும் காசு ஒன்றுமில்லை.

எந்த ஆயில் என்பதைக் கடைக்காரர் முடிவு செய்யக் கூடாது. ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 15டபிள்யூ-40 என்று புத்தகத்தில் எது போட்டிருக்கிறதோ அதுதான். ‘நம்ம ஊர் சூட்டுக்குக் கெட்டி ஆயில் ஊத்துங்க’ என்பது பழைய எஞ்சின்களின் காலத்துப் பேச்சு. இப்போதைய எஞ்சின்களில் உலோகங்களுக்கு இடையிலான இடைவெளி மிகக் குறைவு. கெட்டியான ஆயில் ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளில் மேலே ஏறிச் சேராது, தேய்மானத்தில் பெரும்பங்கு நடப்பதும் அந்த நொடிகளில்தான்.

அளவு பார்ப்பது இப்படி. வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். ஓடி வந்த வண்டி என்றால் எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் காத்திருங்கள், மேலே உள்ள ஆயில் தொட்டிக்கு இறங்கட்டும். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி, எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு இடையில், மேல் குறியை ஒட்டி இருந்தால் நல்லது. பெரும்பாலான கார்களில் கீழ்க் குறிக்கும் மேல் குறிக்கும் இடையே உள்ளது ஏறத்தாழ ஒரு லிட்டர். சின்னப் பெட்ரோல் காரின் மொத்த ஆயிலே மூன்று லிட்டரையொட்டித்தான் இருக்கும். அதனால் கீழ்க் குறிக்கு இறங்கிவிட்டது என்றால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். ஊற்றும்போது கால் லிட்டர் கால் லிட்டராக ஊற்றிப் பாருங்கள். மேல் குறியைத் தாண்டினாலும் கேடுதான். எஞ்சினின் அடியில் சுழலும் கிராங்க் தண்டு ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரைத்த ஆயிலால் அழுத்தம் தர முடியாது, சீல்கள் வழியே கசிவும் தொடங்கும்.

ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் காப்பி நுரை போல ஏதாவது ஒட்டியிருக்கிறதா? மழைக்காலத்தில் குறுகிய தூரம் ஓடும் வண்டிகளில் மூடியில் மட்டும் கொஞ்சம் இருக்கலாம், ஓர் அரை மணி நேர ஓட்டத்தில் போய்விடும். டிப்ஸ்டிக்கிலும் அதே பால் நிறம், கூடவே கூலன்ட் குறைகிறது என்றால் எஞ்சினுக்கும் அதன் தலைப்பகுதிக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கெட் பெரும்பாலும் போயிருக்கும். அதற்கு மேல் வண்டியை ஓட்டாதீர்கள்.

டேஷ்போர்டில் எண்ணெய்க் கிண்டி போன்ற சிவப்பு விளக்கு எரிந்தால் ‘ஆயில் குறைவு, சாயங்காலம் ஊத்திக்கலாம்’ என்று பலர் நினைக்கிறார்கள். அந்த விளக்கு பெரும்பாலும் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. அது எரியும்போது பேரிங்குகளில் உலோகம் உலோகத்தோடு உரசத் தொடங்கியிருக்கும். அடுத்த பெட்ரோல் பங்க் வரை போகலாம் என்பதற்குக்கூட நேரமில்லை. ஓரம் கட்டி எஞ்சினை அணைக்க வேண்டியதுதான். மஞ்சள் எஞ்சின் விளக்கு வேறு. அது நிலையாக எரிந்தால் நிதானமாக ஒர்க்‌ஷாப் வரை ஓட்டலாம். மின்னி மின்னி எரிந்தால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் சைலன்சருக்குப் போகிறது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அதில் உருகிப்போகும்.

பிஎஸ்-6 டீசலுக்கு ஒரு தனிச் சிக்கல்

பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி 2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற ஃபில்டர் இருக்கிறது. நிறைந்ததும் அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு அந்த ஃபில்டருக்குள் 600 டிகிரியையொட்டிச் சூடு வேண்டும். அந்தச் சூட்டுக்காக எஞ்சின் கொஞ்சம் டீசலைத் தாமதமாகத் தெளிக்கிறது. இது முடிய இடைவிடாத பதினைந்து இருபது நிமிட ஓட்டம் தேவை.

மார்த்தாண்டத்தில் கடைவீதிக்கும் வீட்டுக்கும் மட்டும் போகும் டீசல் காரில் இது ஒருபோதும் முடிவதில்லை. பாதியிலேயே வீடு வந்து எஞ்சினை அணைத்துவிடுவோம். தெளித்த டீசல் எரியாமல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே போனால் காரணம் இதுதான். ‘ஆயில் குறையவே இல்ல, நல்ல வண்டி’ என்று மகிழ வேண்டாம். டீசல் கலந்து நீர்த்த ஆயில் அது, மாற்றியே ஆக வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான்குவழிச் சாலையில் ஓர் ஓட்டம் இதற்கு நல்ல மருந்து. நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி தாண்டிக் காவல்கிணறு வரை போய்த் திரும்பினால் சுமார் 40 கிலோமீட்டர். கியரைக் கொஞ்சம் தாழ்த்தி, எஞ்சின் 2,000 சுற்றுக்கு மேல் ஓடும்படி வைத்துக்கொள்ளுங்கள். டிபிஎஃப் விளக்கு எரிந்தபின் வீட்டு வாசலில் வந்து அணைக்காமல், விளக்கு போகும்வரை இன்னும் கொஞ்சம் ஓட்டுங்கள். ஓட்டி முடித்ததும் காய்ந்த புல், தென்னோலை, சருகு கிடக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். சைலன்சரின் சூட்டுக்கு அவை பற்றிக்கொள்ளும். வருடத்தில் பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் குறைவாக, அதுவும் ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர் புதிதாக டீசல் கார் வாங்குவதில் அர்த்தமே இல்லை. விற்பவர் எவ்வளவு மைலேஜ் சொன்னாலும் சரி.

கிணற்றுத் தண்ணீரும் கூலன்ட்டும்

‘பனியே விழாத ஊருக்கு ஆன்டிஃப்ரீஸ் எதுக்கு?’ கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். கூலன்ட்டில் உறைவதைத் தடுக்கும் குணம் நமக்கு வேண்டாம், மற்ற இரண்டும் வேண்டும். ஒன்று கொதிநிலை. வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். எத்திலீன் கிளைக்கால் கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் 107 டிகிரியையொட்டி. ரேடியேட்டர் மூடி சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் உள்ளே அது 125 டிகிரியையும் தாண்டித்தான் கொதிக்கும். இரண்டாவது, அரிப்பைத் தடுக்கும் மருந்து. ரேடியேட்டரும் சிலிண்டர் ஹெட்டும் அலுமினியம். வெறும் தண்ணீரில் அவை உள்ளிருந்தே அரிக்கும்.

அதிலும் கடலோரத்துக் கிணற்றுத் தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் குளோரைடு இருக்கிறது. அலுமினியத்தில் ஊசிக் குத்து ஊசிக் குத்தாக ஓட்டை போடுவது அதுதான். உள்நாட்டுப் பக்கத்துத் தண்ணீரில் உப்பு குறைவாக இருந்தாலும் சுண்ணாம்புப் படிவு உண்டு. இட்லிப் பானையின் அடியில் வெள்ளையாகப் பிடிப்பது ரேடியேட்டரின் நுண்ணிய குழாய்களுக்குள்ளும் பிடிக்கும். டிஸ்டில்டு வாட்டர் அல்லது தாது நீக்கிய தண்ணீர் எல்லா பேட்டரிக் கடையிலும் கிடைக்கிறது. கலந்து விற்கும் கூலன்ட் என்றால் அப்படியே ஊற்றலாம், அடர்த்தியானது என்றால் பாதிக்குப் பாதி. டப்பாவில் எது என்று எழுதியிருக்கும். பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறத்தை நம்பிக் கலக்காதீர்கள், நிறம் வெறும் சாயம். இரண்டு வகை மருந்து கலந்தால் கூழாகிக் குழாயை அடைப்பதும் உண்டு.

வெள்ளை பிளாஸ்டிக் தொட்டியில் குறைந்தபட்சக் குறிக்கு மேல் கூலன்ட் இருக்கிறதா என்பதை வாரம் ஒருமுறை, எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்த்தால் போதும். மாதாமாதம் குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. ஊற்றிக்கொண்டே இருப்பது வைத்தியமாகாது.

தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை என்று நெரிசல் நெரிசலாகத் தாண்டும் பாதையில் வண்டி சூடாவது சகஜம். வேகமாகப் போகும்போது காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போது அந்த வேலை முழுவதும் மின்விசிறியின் தலையில். மோட்டார், ரிலே, ஃப்யூஸ் மூன்றில் எது போனாலும் ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது, நெரிசலில்தான் தெரியும். ஏசி போட்டதும் முன்னால் விசிறி சுற்றும் சத்தம் கேட்கிறதா என்று அவ்வப்போது கவனிப்பது எளிய சோதனை.

சூட்டு முள் ஏறினால், அல்லது சிவப்பு விளக்கு எரிந்தால், முதலில் ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் திறந்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் இது தண்டனைதான், ஆனால் ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர். ஓரம் கட்ட இடம் கிடைத்ததும் நிறுத்துங்கள். பானட்டிலிருந்து நீராவி வந்தால் எஞ்சினை உடனே அணைத்துவிட்டு விலகி நில்லுங்கள். குறைந்தது முக்கால் மணி நேரம் மூடியைத் தொடக் கூடாது. 120 டிகிரியில் அழுத்தத்தோடு இருக்கும் நீர், மூடி திறந்த நொடியில் ஆவியாக முகத்தில் சீறும். துணியைச் சுற்றிக்கொண்டு திறந்தால் ஒன்றும் ஆகாது என்பவர்களின் கையில் தழும்பு இருக்கும். ஆறிய பிறகு ஊற்றும்போதும் மெதுவாக ஊற்றுங்கள். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீர் பட்டால் ஹெட் கோணலாகும், விரிசலும் விடும்.

இன்னொன்று. முள் உச்சிக்கு ஏறிவிட்டுச் சட்டென்று கீழே இறங்கினால் குளிர்ந்துவிட்டது என்று கிளம்பாதீர்கள். கூலன்ட் முழுவதும் வடிந்து, சூட்டைப் பார்க்கும் சென்சார் வெறும் காற்றில் தொங்கினாலும் முள் இறங்கும்.

உப்பு, மணல், வாட்டர் சர்வீஸ்

குளச்சல், மணவாளக்குறிச்சி, முட்டம் பக்கத்து வீடுகளில் ஜன்னல் கம்பி எப்படித் துருப்பிடிக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதே காற்றுதான் பானட்டுக்குள்ளும் புகுகிறது. முதலில் சாவது முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சர், அடுத்தது ரேடியேட்டரின் மெல்லிய அலுமினியத் தகடுகள். விரலால் தொட்டால் மாவாக உதிரும். மூன்றாவதாக ஒன்று உண்டு, மெக்கானிக்கே பல நேரம் தவறவிடுவது: எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் வயர். அதன் முனையில் உப்புப் பூத்தால் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றும், ஹெட்லைட் மங்கும், சம்பந்தமில்லாத விளக்குகள் எரியும். புது பேட்டரி வாங்கும் முன் பழைய எர்த் வயரின் முனையைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கிப் பாருங்கள். பல பேட்டரிகள் பிழைக்கும்.

கடற்கரைச் சாலையில் அடிக்கடி ஓடும் வண்டியை, அதிலும் கள்ளக்கடல் வந்து அலை ரோட்டில் ஏறும் நாட்களில் போன வண்டியை, அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். அடிப்பகுதி, சக்கர வளைவு, முன் ரேடியேட்டர். ரேடியேட்டரில் சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும். பிரஷர் துப்பாக்கியைக் கிட்டத்தில் பிடித்தால் தகடுகள் மடங்கி அடைந்துவிடும். பானட்டுக்குள் பிரஷர் அடிக்கவே வேண்டாம், கனெக்டர்களுக்குள் புகும் தண்ணீர் பிறகு மாதக்கணக்கில் வம்பு செய்யும்.

வாட்டர் சர்வீஸில் கடைசியாக வண்டியின் அடியில் டீசலோ மண்ணெண்ணெயோ பழைய ஆயிலோ பீய்ச்சிப் பளபளப்பாக்கும் வழக்கம் இருக்கிறது. வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சஸ்பென்ஷன் புஷ்களும் எஞ்சினைத் தாங்கும் மவுன்ட்டும் பெரும்பாலும் இயற்கை ரப்பர். ரப்பர் பால் வெட்டும் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, எண்ணெய் பட்ட ரப்பர் ஊதி இளகிப் போகும். பளபளப்பு இரண்டு நாளில் தூசியாகிவிடும்.

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட், கார்னெட், சிர்க்கான் போன்ற கனிமங்கள் இருப்பதால்தான் அங்கே மத்திய அரசின் மணல் ஆலையே நடக்கிறது. கார்னெட்டும் சிர்க்கானும் உப்புத்தாளில் ஒட்டும் அளவுக்குக் கடினமானவை. ஆடிக் காற்றில் பறக்கும் அந்த மணல் சிலிண்டருக்குள் போகாமல் தடுப்பது ஒரு காகித ஏர் ஃபில்டர் மட்டுமே. கடற்கரையிலும் கல்குவாரி லாரி ஓடும் சாலைகளிலும் புழங்கும் வண்டியில் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அதைக் கழற்றிப் பாருங்கள். உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெல்லக் காற்றடிக்கலாம், தண்ணீரில் அலசக் கூடாது. ஓரத்து ரப்பர் விளிம்பு கிழிந்திருந்தால் ஃபில்டர் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

தேங்கிய தண்ணீரில்

வைகாசிக் கடைசியில் தொடங்கும் இடவப்பாதியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று என்று இரண்டு மழையையும் வாங்கும் மாவட்டம் இது. 2017 நவம்பர் 30 ஒக்கி புயலும், 2021 நவம்பர் மழையும் சாலைகளை ஆறாக்கிய நாட்கள் பலருக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாளில் எஞ்சின் சாவது பெரும்பாலும் தண்ணீரில் மூழ்கி அல்ல. தண்ணீரில் நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்ததால்.

கணக்கு எளியது. நான்கு சிலிண்டர் 1,200 சிசி எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு 300 மில்லி. பிஸ்டன் மேலே ஏறி முடிக்கும்போது மிஞ்சும் இடம் ஏறத்தாழ 30 மில்லி, ஓர் அவுன்ஸ் கிளாஸ் அளவு. டீசலில் அதைவிடக் குறைவு. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. காற்றிழுக்கும் குழாய் வழியே அந்த அவுன்ஸ் அளவுக்கு மேல் தண்ணீர் உள்ளே போனால் பிஸ்டன் பாதியில் முட்டி நிற்கும், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். அந்தக் குழாயின் வாய் பல கார்களில் ஹெட்லைட் உயரத்தில், கிரில்லுக்குப் பின்னால் இருக்கிறது. எதிரே வரும் பஸ் கிளப்பும் அலை அங்கே வரை எட்டும்.

சக்கரத்தின் பாதி உயரத்துக்கு மேல் தண்ணீர் என்றால் திரும்பிப் போவதே நல்லது. ஓடும் தண்ணீர் என்றால் அதுவும் அதிகம், ஓரடி நீரோட்டமே சின்ன காரை மிதக்க வைத்துத் தள்ளும். பழையாற்றங்கரையிலும் குழித்துறை ஆற்றுப் பக்கத்திலும் கால்வாயும் சாலையும் ஒரே மட்டத்தில் தெரியும் இடங்கள் உண்டு. போயே ஆக வேண்டும் என்றால் முதல் கியர், சீரான மெதுவான ஓட்டம், நடுவில் கியர் மாற்றாமல், எதிர் வண்டி போன பிறகு.

நடுவில் எஞ்சின் நின்றுவிட்டதா? சாவியைத் தொடாதீர்கள். தள்ளி மேட்டுக்குக் கொண்டுபோங்கள். மெக்கானிக் ஏர் ஃபில்டரைத் திறந்து நனைந்திருக்கிறதா என்று பார்த்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கையால் எஞ்சினைச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். இவ்வளவும் சில ஆயிரங்களில் முடியும். ஒரு தடவை சாவியைத் திருப்பிய வண்டிக்கு எஞ்சினையே பிரிக்க வேண்டி வரும். சாதாரண முழு இன்ஷூரன்ஸ் பாலிசிகள் பொதுவாக இந்தச் சேதத்தைத் தருவதில்லை, எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் சேர்க்கை இருந்தால்தான் தருவார்கள். பாலிசி புதுப்பிக்கும்போது, மழைக்கு முன்னால், இதைக் கேட்டு வையுங்கள்.

மலையைப் பற்றி ஒன்று மட்டும். பேச்சிப்பாறை, கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் போய் இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போதைய எஞ்சின்கள் கியரில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே பெட்ரோலை நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் ஐடிலுக்குப் பெட்ரோல் செலவாகும். எஞ்சினையே அணைத்து உருட்டுவது இன்னும் ஆபத்து: இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் பெடல் கல்லாகிவிடும், ஸ்டீயரிங் இறுகும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

மாதக்கணக்கில் நிற்கும் வண்டி

வெளிநாட்டுக்குப் போனவரின் காரை வீட்டிலிருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஷெட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பது வழக்கம். நல்ல மனதோடு செய்யும் கெடுதல் அது. ஸ்டார்ட் செய்ய எடுத்த மின்சாரத்தை ஐடிலில் ஓடும் ஆல்டர்னேட்டர் திருப்பித் தர நேரமாகும், ஆயிலுக்குள் முன்னே சொன்ன தண்ணீரும் பெட்ரோலும் சேரும், சைலன்சருக்குள் நீர் தங்கித் துருப்பிடிக்கும். ஷெட் மூடியிருந்தால் கார்பன் மோனாக்சைடு நிறையும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ஓட்டத் தெரிந்தவர் இருந்தால் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டட்டும். இல்லையென்றால் ஸ்டார்ட்டே செய்ய வேண்டாம், முறைப்படி நிறுத்தி வைப்பது நல்லது.

முறை என்பது இதுதான். கிளம்பும் முன் ஆயிலை மாற்றுங்கள், அமிலம் சேர்ந்த பழைய ஆயில் பேரிங்குகளில் ஊறிக் கிடக்க வேண்டாம். டேங்க்கை நிரப்பி வையுங்கள், காலி இடம் இருந்தால் ஈரக் காற்று அங்கே தங்கும். இப்போது பங்க்குகளில் வரும் இ20 பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால், அது ஈரத்தை இழுக்கும். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்றால் பெட்ரோல் குழாய்களில் வெடிப்பு, கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், உப்புக் காற்றில் பிரேக் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

பேட்டரியில் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரி பதினைந்து நாளில் பாதி காலி. காலியாகவே கிடந்த பேட்டரி மறுபடி முழுசாக ஏறாது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். ஸ்பானர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. கையில் மோதிரம், காப்பு இருந்தால் கழற்றிவிடுங்கள். முனையில் பச்சை வெள்ளைப் பூப் பிடித்திருந்தால் வெந்நீரில் ஆப்பச் சோடா கரைத்து ஊற்றித் துலக்கி, காய்ந்ததும் வாசலின் தடவலாம்.

திரும்பி வந்து முதல் ஸ்டார்ட்டுக்கு முன், விமான அலுப்பு தீரட்டும், அவசரம் வேண்டாம். பானட்டைத் திறந்து வெளிச்சத்தில் பாருங்கள். தேங்காய்ச் சவுரி, சருகு, பஞ்சு எல்லாம் கொண்டுவந்து எலி கூடு கட்டியிருக்கும். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ளும் பார்க்க வேண்டும். சூடான சைலன்சரின் மேல் கிடக்கும் கூடு தீப்பிடிக்கும், கடித்த வயர் ஷார்ட் ஆகும். வெறுங்கையை உள்ளே விடாதீர்கள், எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரும். ஃப்யூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில்தான் போட வேண்டும், 10-க்குப் பதில் 20 போட்டால் அடுத்ததாக எரிவது வயர்.

பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் முழுச் சார்ஜ், 12.2 பாதி, 12-க்குக் கீழே என்றால் சார்ஜரில் போடுங்கள். இன்னொரு வண்டியிலிருந்து ஸ்டார்ட் எடுப்பதானால் சிவப்புக் கேபிள் முதலில் செத்த பேட்டரியின் பாசிட்டிவ், பிறகு நல்ல பேட்டரியின் பாசிட்டிவ். கருப்பு நல்ல பேட்டரியின் நெகட்டிவ், அதன் மறுமுனை செத்த வண்டியின் எஞ்சின் உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், கடைசிப் பொறி அதன் பக்கத்தில் விழக் கூடாது. ஸ்டார்ட் ஆனதும் மீட்டர் 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் காட்ட வேண்டும்.

ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைகிறதா என்று பாருங்கள். ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு, வண்டியை அரையடி முன்னும் பின்னும் நகர்த்தித் தரையைப் பாருங்கள். கருப்பாகச் சொட்டினால் ஆயில், பச்சையோ சிவப்போ கொழகொழப்பாக இருந்தால் கூலன்ட், பெட்ரோல் வாடை வந்தால் உடனே அணைக்க வேண்டியது. ஏசி போட்டிருந்தால் சொட்டும் வெறும் தண்ணீருக்குப் பயப்பட வேண்டாம். பிறகு மெதுவாக ஒரு பத்து கிலோமீட்டர், ஆளில்லாத ரோட்டில் பிரேக்கை நாலைந்து தடவை அழுத்திப் பார்த்தபடி.